ஆற்றுக்கு அடியில் சில முகங்கள்

நியூயார்க்கில் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டும் தொழிலாளர்களுக்கு 'சாண்ட்ஹாக்' என்று பெயர். மணல் பன்றி என்று அர்த்தம். அவர்கள் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

அவர்களுடைய புகைப்படங்களை இன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சேறு அப்பிய முகங்கள், பின்னால் முழு இருட்டு.

1927இல் திறக்கப்பட்ட ஹாலண்ட் சுரங்கம் ஹட்சன் ஆற்றின் அடிச்சேற்றுக்குள் தோண்டப்பட்டது. தண்ணீர் உள்ளே புகாமல் இருக்க, தோண்டும் இடத்தில் அழுத்தமேற்றிய காற்றை நிரப்பி வைப்பார்கள். வேலை முடிந்து வெளியே வரும்போது அழுத்தத்தை மெதுவாகக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டால் உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகி மூட்டுகளை முறுக்கும், உயிரையே எடுத்துவிடும்.

1916இல் நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றுக்கு அடியில் தோண்டிய இன்னொரு சுரங்கத்தில், இப்படி அழுத்தமேற்றிய காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு பீறிட்டது. மார்ஷல் மேபி என்ற தொழிலாளி ஆற்றுப்படுகையையும் தண்ணீரையும் துளைத்து மேலே வீசப்பட்டார். உயிர் பிழைத்தார். கூட வேலை செய்த இருவர் இறந்துபோனார்கள்.

பழைய பொறியியல் படங்கள் பலவற்றில், சுரங்கச் சுவரைத் தாங்கும் இரும்பு வளையம் எவ்வளவு பெரியது என்று காட்டத்தான் ஆளை நிறுத்தியிருப்பார்கள். முகம்கூடச் சரியாகத் தெரியாது. எனக்குப் பிடித்தவை வேறு படங்கள். வேலை முடிந்து களைத்துப்போன ஒருவர் கேமராவை நேராகப் பார்ப்பவை. அப்படி ஒரு படம் எடுக்க, அந்த ஈரத்துக்குள்ளும் இருட்டுக்குள்ளும் புகைப்படக்காரரும் இறங்க வேண்டும். பல நாள் கூடவே இருந்தால்தான் அந்தப் பார்வை கிடைக்கும்.

அப்படிப்பட்ட படங்கள் தெரிந்தால் கமெண்டில் போடுங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.