படிவத்தில் எழுதிய வயது

மார்பகக் கட்டியின் பயாப்ஸி ஆய்வகத்துக்கு வரும்போது ஒரு படிவமும் கூடவே வரும். வயதுக்கான கட்டத்தில் 50, 55, 60 என்ற எண்களையே அடிக்கடி பார்க்கிறோம். பிறந்த தேதி எழுதி வைக்கப்படாத தலைமுறையில் பல பெண்கள் வயதைக் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்கள். கட்டியின் உயிரியலைப் பொறுத்தவரை அந்த எண்ணைவிடப் பெரிய தகவல், கடைசி மாதவிடாய் எப்போது என்பது. அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே வந்து சேர்கிறது.

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஈ.ஆர்.) இல்லாத, அதாவது ஈ.ஆர். நெகட்டிவ் புற்றுநோய் வரும் விகிதம் ஏறத்தாழ 50 வயது வரை ஏறி, அதன்பின் அதிகம் மாறாமல் நின்றுவிடுகிறது. ஏற்பி உள்ள வகையோ அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகிறது. சினைப்பை ஓய்ந்த பிறகும் கொழுப்புத் திசுவிலுள்ள அரோமட்டேஸ் என்சைம் ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. இரத்தத்தில் அளவு சரிந்தாலும் மார்பகத் திசுவுக்குள் அந்த அளவுக்குச் சரிவதில்லை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு அரோமட்டேஸ் தடுப்பு மாத்திரை வேலை செய்வது இதனால்தான்.

சாதாரணத் திசுவும் மாறுகிறது. வயது ஏற ஏற பால் நாளத்தின் வெளிச்சுற்றிலுள்ள மையோஎபிதீலியல் செல்கள் குறைந்து, உட்சுவரிலுள்ள லூமினல் செல்களின் பங்கு கூடுகிறது. 35 வயதுப் பெண்ணின் பால் நாளத்தில், ஏற்பியைக் காட்டும் ஈ.ஆர். சாயம் ஏறிய செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். 70 வயதில் அவை ஒட்டி ஒட்டி, திட்டுத் திட்டாகத் தெரியலாம். புதிதாக ஸ்லைடு பார்ப்பவர்கள் இதை முதலிலேயே அறிந்திருக்க வேண்டும். இந்தச் சாதாரண நாளங்கள்தான் நமது உள் கட்டுப்பாடு. இவற்றிலும் சாயம் ஏறவில்லையென்றால், கட்டியில் ஏறாததற்கு எந்த அர்த்தமும் இல்லை.

72 வயதுப் பெண்ணின் ஸ்லைடில் ஈ.ஆர்., பி.ஆர். (புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி), ஹெர்-2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்) மூன்றும் நெகட்டிவ் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதில் அது நடக்கக்கூடியதே, ஆனால் எதிர்பார்க்கும் முடிவு அல்ல. அறிக்கையில் கையெழுத்திடும் முன் திசு வந்த வழியைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அறுவை அரங்கில் திசு வெளியே வந்த நேரம், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றனவா? இடைவெளி 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊறியிருக்க வேண்டும். திசுவின் கன அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு ஃபார்மலின் வேண்டும்.

முதியவர்களின் மார்பகத்தில் சுரப்பி சுருங்கிக் கொழுப்பே மிகுந்திருக்கும். ஃபார்மலின் பொதுவாகவே மணிக்குச் சுமார் 1 மி.மீ. ஆழம்தான் இறங்கும், கொழுப்பில் இன்னும் மெதுவாக. முழு மார்பகத்தையும் வெட்டாமல் வாளியில் போட்டு மூடினால் ஓரம் பதப்படும், நடுவிலிருக்கும் கட்டி அழுகத் தொடங்கும். சனிக்கிழமை மாலை அறுவை நடந்து, திங்கள் காலை வாளியைத் திறக்கும் இடங்களில் இதுதான் நடக்கிறது. பின்புற ஓரத்துக்கு மை தடவி, தோல்வரை போகாமல் 1 செ.மீ. இடைவெளியில் கீறி, துண்டுகளுக்கு நடுவே துணி வைத்து ஊறப்போடுவதற்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாததால் ஏற்பி அழிந்து, அறிக்கை நெகட்டிவ் என்று வந்து, பல ஆண்டுகள் பலன் தந்திருக்க வேண்டிய ஹார்மோன் தடுப்பு மாத்திரை அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமலே போகலாம்.

சந்தேகம் இருந்தால் ஊசி பயாப்ஸியின் பிளாக்கில் (மெழுகில் பதித்த திசுக் கட்டியில்) சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மெல்லிய திசு என்பதால் அது பெரும்பாலும் நன்றாகப் பதப்பட்டிருக்கும். அதிலும் நெகட்டிவ் என்றால் அப்போக்ரைன் வகையா (வியர்வைச் சுரப்பி செல்களை ஒத்த புற்றுநோயா) என்று ஆன்ட்ரோஜன் ஏற்பியைப் பாருங்கள். முதியவர்களில் அது கூடுதலாக வரும், செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கே.ஐ.-67 குறைவாக இருக்கும். வேறு உறுப்பிலிருந்து பரவியதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். கட்டிச் செல்களில் 1% முதல் 10% வரை மட்டும் ஈ.ஆர். சாயம் ஏறியிருந்தால் 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியாக எழுத வேண்டும்; வெறும் பாசிட்டிவ் என்று எழுதி முடித்துவிடக் கூடாது.

மரபணு வரிசைப்படுத்தலில் இதே சிக்கல் இன்னும் நுட்பமாக வருகிறது. வயது டி.என்.ஏ.வில் விடும் முக்கியமான தடயம், டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் ('சி'), மெத்தில் என்ற சிறு வேதிக்குறி ஏறிய இடத்தில் தன் அமினோ பகுதியை இழந்து இன்னொரு எழுத்தான தைமினாக ('டி') மாறுவது. ஃபார்மலினும் சைட்டோசினிலிருந்து அதே அமினோ பகுதியைத்தான் பறிக்கிறது; மெத்தில் இல்லாத சைட்டோசின் அப்போது யுராசிலாகி, 'டி' என்றே படிக்கப்படும். ஆக, பழைய பிளாக்கில் தெரியும் 'சி' இருந்த இடத்து 'டி', அந்தப் பெண்ணின் வயதால் வந்ததா, நமது வாளியில் வந்ததா? யுராசிலை வெட்டி எடுக்கும் என்சைமைச் சேர்த்தால் ஃபார்மலின் பிழைகளில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் மெத்தில் ஏறிய இடத்தில் உருவாவது யுராசில் அல்ல, நேரடியாகத் தைமின். அங்கே என்சைமுக்கு வேலையில்லை. அதே பிளாக்கிலிருந்து டி.என்.ஏ.வைத் தனியாக இன்னொரு முறை பிரித்து ஓட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி. பிழையாக இருந்தால் இரண்டாம் முறை அநேகமாக அதே இடத்தில் வராது.

இரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ.வைத் தேடும்போது வயது வேறு விதமாகக் குறுக்கிடும். 70ஐத் தாண்டியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, இரத்தம் உண்டாக்கும் செல்களிலேயே டி.என்.எம்.டி.3ஏ, டெட்2 போன்ற மரபணுக்களில் மாற்றம் பெற்ற கூட்டம் வளர்ந்திருக்கும். கட்டிகளில் அடிக்கடி காணப்படும் டி.பி.53 மரபணுவின் மாற்றமும் அப்படி வரலாம். அதைக் கட்டியினுடையது என்று எழுதிவிட்டால் சிகிச்சையே திசைமாறும். பிளாஸ்மாவோடு வெள்ளணுக்களையும் சேர்த்து வரிசைப்படுத்தினால் பிரித்துவிடலாம். சாதாரண ஈ.டி.டி.ஏ. (இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் எடுத்த இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைச் சில மணி நேரத்துக்குள் பிரிக்காவிட்டால் வெள்ளணுக்கள் உடைந்து குழப்பம் இரட்டிப்பாகும்.

இவ்வளவு கவனமும் ஏன் என்பது சிகிச்சைக் கூட்டத்தில் தெரியும். 70 வயதுக்கு மேற்பட்ட, சிறிய, ஈ.ஆர். பாசிட்டிவ் கட்டி உள்ள பெண்களில், கட்டியை மட்டும் அகற்றி, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை கொடுத்த ஆய்வொன்றில், 10 ஆண்டுக்குப் பின் அதே பகுதியில் நோய் திரும்பாதவர்கள் கதிர்வீச்சோடு 98%, இல்லாமல் 90%. உயிர்வாழ்வில் வித்தியாசமில்லை. ஆகவே கதிர்வீச்சைத் தவிர்க்கலாம் என்ற முடிவு முழுக்க அந்த ஈ.ஆர். அறிக்கையின் மேல் நிற்கிறது. மறுபக்கம், ஹெர்-2 வலுவாக உள்ள கட்டி 76 வயதில் வந்தாலும் அது ஹெர்-2 கட்டியே. இதயம் நன்றாக இயங்குகிறதா என்று எக்கோ பார்த்து மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். "வயதாகிவிட்டது, விடுங்கள்" என்பதை மருத்துவக் காரணமாக ஏற்கவே முடியாது.

மீண்டும் படிவத்துக்கு வருவோம். நம் ஊர்களில் நாற்பதுக்கு முன்பே கருப்பையை எடுத்துவிட்ட பெண்கள் பலர். மாதவிடாய் இல்லை, ஆனால் சினைப்பை இயங்கிக்கொண்டிருக்கலாம். 46 வயதில் அப்படிப்பட்டவருக்கு அரோமட்டேஸ் தடுப்பு மாத்திரையை மட்டும் கொடுத்தால், ஈஸ்ட்ரோஜன் குறைவதை உணரும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையை இன்னும் முடுக்கிவிடும், மருந்து தோற்கும். கீமோவால் மாதவிடாய் நின்றவர்களிடமும் இதே ஆபத்து உண்டு. அதனால் வயதுக்குப் பக்கத்தில் மூன்று கட்டங்கள் வேண்டும்: கடைசி மாதவிடாய் எப்போது, கருப்பை எடுக்கப்பட்டதா, சினைப்பைகள் இருக்கின்றனவா. கருப்பை மட்டும் எடுக்கப்பட்டிருந்தால் மாத்திரை தொடங்கும் முன் எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்), எஸ்ட்ராடையால் (முக்கிய ஈஸ்ட்ரோஜன்) இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.