அம்மாவுக்காக நடந்த 115 கிலோமீட்டர்

கடலுக்குப் போன அப்பா மூன்று நாளாகக் கரை திரும்பாதபோது அம்மா இயேசுவின் சீடரான சந்தியாகப்பருக்கு நேர்ந்துகொண்டாள். தங்கச்சிமடம் வேர்க்காட்டுக் கோயிலுக்கு வருகிறேன் என்று நேர்ந்திருந்தால் அன்று மாலையே பஸ் ஏறியிருக்கலாம். அம்மா வாயில் வந்தது, "உன் கல்லறைக்கே வாரேன் ஐயா" என்பது. அந்தக் கல்லறை ஸ்பெயினில் இருக்கிறது என்று அப்புறம்தான் பங்குச்சாமியார் சொன்னார். அப்பா அதற்குள் வந்துவிட்டார். பேச்சு மாற முடியுமா?

முட்டி தேய்ந்துபோன அம்மாவுக்குப் பதில் இந்த செப்டம்பரில் நான் போனேன்.

ஸ்பெயினின் சாரியா ஊரில் இருந்து, அந்தக் கல்லறை இருக்கும் சந்தியாகோ தே கொம்போஸ்தேலாவுக்குச் சுமார் 115 கிலோமீட்டர். குறைந்தது 100 கிலோமீட்டராவது நடந்தால்தான் யாத்திரைச் சான்றிதழ் என்பதால் கூட்டம் முழுக்க சாரியாவில்தான் வந்து இறங்குகிறது. ஸ்பீக்கரில் பாட்டு போட்டுக்கொண்டே நடக்கும் பள்ளிப் பிள்ளைகள், பையை டாக்சியில் அனுப்பிவிட்டுக் கைவீசிப் போகிறவர்கள், மதியத்துக்குள் விடுதிக் கட்டிலைப் பிடிக்க ஓட்டம். கையெழுத்து போடு என்று ஒரு தாளை நீட்டிவிட்டுக் காசு கேட்பவர்கள் வேறு. வேளாங்கண்ணிக்கு நடக்கும்போது வழியெல்லாம் நீர்மோர் கொடுப்பார்களே, அதை நினைத்து ஏங்கினேன். ஆனால் ஒரு பண்ணை வீட்டு வாசலில் மேசை போட்டுப் பழமும் தண்ணீரும் வைத்து, பக்கத்தில் ஒரு உண்டியல். ஆள் இல்லை. குறை சொன்ன வாயை மூடிக்கொண்டேன்.

வழி தவறவே இல்லை. கல்லிலும் சுவரிலும் மரத்திலும் மஞ்சள் அம்பு. 1984இல் எலியாஸ் வாலின்யா என்கிற ஓ செப்ரெய்ரோ ஊர்ப் பங்குச்சாமியார் பெயின்ட் டப்பாவோடு கிளம்பிப் போட ஆரம்பித்த அம்புகள். அந்தப் புண்ணியவானுக்கும் தினம் ஒரு அருள்நிறை மரியே சொன்னேன்.

மூன்றாம் நாள்தான் கொடுமை. பலாஸ் தெ ரெய்யில் இருந்து அர்சூவா வரை கிட்டத்தட்ட 29 கிலோமீட்டர், விடாத மழை, இரண்டு குதிகாலிலும் கொப்புளம். நடுவே மெலிதேயில் எல்லோரும் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) சாப்பிட உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டில் அதைத் தொட மாட்டோம். பசி யாரை விட்டது! வேகவைத்துக் கத்தரிக்கோலால் நறுக்கி, மரத்தட்டில் போட்டு, கல்லுப்பும் மிளகாய்த்தூளும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தருகிறார்கள். வெண்ணெயாகக் கரைந்தது. அன்று இரவு விடுதியில் பாஷை தெரியாத ஒரு பாட்டி என் காலைத் தன் மடியில் வைத்து, ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தைக் குத்தி நீர் வடித்தாள். என் அம்மா வயசு. சந்தியாகப்பர் யாரை அனுப்பினார் என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் பேராலயம். முதுகுப்பையோடு உள்ளே விடவில்லை, அதை எங்கோ காசு கொடுத்து வைத்துவிட்டு வருவதற்குள் பூசைக்கு இடமில்லை. தூணுக்குப் பின்னால் நின்றேன், பீடமே தெரியவில்லை. எட்டுப் பேர் இழுத்து ஆட்டும் அந்த 53 கிலோ தூபக்கலசமும் அன்றைக்கு ஆடவில்லை. குறிப்பிட்ட திருநாட்களில், இல்லை யாராவது காணிக்கை கட்டினால்தான் ஆடுமாம்.

பூசை முடிந்து வரிசை. பீடத்துக்குப் பின்புறம் குறுகலான படி. மேலே ஏறினால் அப்போஸ்தலர் சந்தியாகப்பரின் சுரூபம், நமக்கு முதுகு காட்டி. பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். ஐந்து நாளாகச் சேர்த்து வைத்திருந்த மன்றாட்டெல்லாம் மறந்துபோனது. அந்த வெள்ளி மேலாடை சில்லென்று கன்னத்தில் பட்டது. "அப்பா வந்துட்டாரு ஐயா" என்றேன். முப்பது வருஷம் முந்தைய செய்தி. வேறு ஒன்றும் வரவில்லை, அழுகைதான் வந்தது. காவலர் கையை அசைத்தார், இறங்கினேன். கீழே கல்லறையில் வெள்ளிப் பேழை முன் முழங்காலிட்டதுகூட மங்கலாகத்தான் நினைவிருக்கிறது.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஐயா முகம் எப்படி இருந்துச்சு?"

"முதுகுதாம்மா பார்த்தேன்."

"படத்துல மாதிரி குதிரை மேலயா?"

"குதிரையில இல்லம்மா. உட்கார்ந்திருந்தாரு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"உட்காரட்டும்டா. இம்புட்டு தூரம் அவரும் வந்திருக்காருல்ல."