குளவிக்கு மூன்றாவது பல்: வீட்டில் செய்த சண்டை ரோபோ

மேசை மேல் மூன்று எஃகு வட்டுகள் கிடக்கின்றன. முதலாவதன் பற்கள் மழுங்கி, ஓரம் உருண்டு போயிருக்கின்றன. இரண்டாவதில் ஒரு பல் உடைந்து போயிருக்கிறது. மூன்றாவதில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு வடு மட்டும் இருக்கிறது. இந்த மூன்றாவது வட்டுக்கு வந்து சேர ஐந்து மாதம் ஆனது.

ரிமோட்டால் ஓட்டி, போட்டியில் இன்னொரு ரோபோவோடு மோதவிடுவது சண்டை ரோபோ. நான் செய்திருப்பதன் பெயர் குளவி. மூன்று பவுண்டு, அதாவது 1.36 கிலோவுக்கு மேல் போகக் கூடாத பிரிவைச் சேர்ந்தது. இந்தப் பிரிவை வண்டு எடை என்பார்கள். முன்பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் வட்டு கீழிருந்து மேலாகச் சுழன்று எதிரியைத் தூக்கி அடிக்க வேண்டும். சுழலும் திசை முக்கியம். வட்டின் முன்விளிம்பு மேல்நோக்கிப் போனால் எதிரி மேலே பறப்பான், நம் ரோபோ தரையோடு அழுந்தும். திசையை மாற்றிவிட்டால் நாமே துள்ளி விழுவோம்.

முதலில் காகிதத்தில் கணக்குப் போட்டேன். வட்டின் விட்டம் 10 செ.மீ., தடிப்பு 6 மி.மீ., நடுவில் துளைகள் வெட்டிய பிறகு எடை 260 கிராம். நிமிடத்துக்கு 9,000 சுற்று சுழன்றால் அதில் சுமார் 145 ஜூல் ஆற்றல் சேர்ந்திருக்கும். பல்லின் நுனி மணிக்கு 170 கி.மீ. வேகத்தில் போகும். குளவி முழுவதையும் மூன்றாவது மாடியிலிருந்து கீழே போட்டால் தரையில் விழும் அடி எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு. இந்தக் கணக்கைப் பார்த்து மகிழ்ந்த அன்றைக்கே எனக்குப் பயமும் வந்தது. அந்த அடி எதிரிக்கு மட்டும் போவதில்லை. அதே விசை எதிர்த்திசையில் என் அச்சுக்கும் பேரிங்குக்கும் சட்டகத்துக்கும் வருகிறது. ஆகவே அடிக்கும் ரோபோவைக் கட்டுவதை விட, தன் அடியைத் தானே தாங்கும் ரோபோவைக் கட்டுவதுதான் வேலை என்று எழுதி வைத்தேன். பிறகு செய்த ஒவ்வொரு திருத்தமும் அந்த ஒரு வரியிலிருந்துதான் வந்தது.

சட்டகத்துக்கு உணவகச் சமையலறைகளில் காய் நறுக்கும் தடித்த வெள்ளைப் பலகையை வாங்கினேன். அந்தப் பிளாஸ்டிக் விரிசல் விடாமல் வளைந்து கொடுக்கும், சாதாரண ரம்பத்தால் அறுக்கவும் முடியும். வட்டைப் பிடிக்கும் இரண்டு தூண்கள் மட்டும் அலுமினியம். முதல் வடிவத்தில் அச்சோடு சேர்ந்து வட்டு சுழன்றது. சின்னத் திருகு ஒன்றுதான் இரண்டையும் இணைத்தது. சும்மா சுழற்றிப் பார்த்தபோதே திருகு கழன்றுவிட்டது. பிறகு அச்சை அசையாமல் நிறுத்தி, பேரிங்குகளை வட்டுக்குள்ளேயே பொருத்தினேன். இப்போது அச்சாக இருப்பது 8 மி.மீ. உயர்வலு போல்ட். அது இரண்டு தூண்களையும் இறுக்கிப் பிடிப்பதால் முன்பக்கம் முழுவதும் ஒரே கட்டாகிவிட்டது.

மோட்டாரிலிருந்து வட்டுக்கு விசையைக் கொண்டுபோவது பெல்ட். கோவையில் இருப்பதால் இதற்கு நான் அலைய வேண்டியதே இல்லை. பஞ்சாலை உதிரிபாகக் கடையில் உருண்டையான பாலியூரித்தேன் கயிறு மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. வேண்டிய நீளம் வெட்டி, சூடான தகட்டில் இரு முனைகளையும் உருக்கி ஒட்டினால் பெல்ட் தயார். வட்டு எதையாவது அடித்துத் திடீரென்று நிற்கும்போது பெல்ட் வழுக்கிக்கொள்ளும், மோட்டார் பிழைத்துக்கொள்ளும். பல்சக்கரம் வைத்திருந்தால் முதல் மோதலிலேயே அது நொறுங்கியிருக்கும்.

சுழற்றுவதற்கு முன்னால் பெட்டி கட்டினேன். இதை எழுதாமல் மற்றதை எழுத எனக்கு மனமில்லை. 18 மி.மீ. ஒட்டுப்பலகையில் நாலு பக்கமும் மேற்பக்கமும் மூடிய பெட்டி, ஒரு பக்கம் 6 மி.மீ. பாலிகார்பனேட் சன்னல். அக்ரிலிக் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், விலையும் குறைவு, ஆனால் அடிபட்டால் கத்தி கத்தியாக உடையும். பெட்டிக்கு வெளியே இருக்கும்போது வட்டில் எப்போதும் பூட்டுக் கம்பி செருகியிருக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கடைசியில்தான் செருக வேண்டும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, கையிலிருக்கும் ரிமோட்டை அணைத்துப் பார்த்தேன். உடனே நின்றது. நிற்காத ரோபோவை யாரும் சுழற்றக் கூடாது. பேட்டரியை மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் செய்கிறேன், பக்கத்தில் மணல் வாளி இருக்கும்.

இந்த எச்சரிக்கை புதிதல்ல. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் 1994-ல் மார்க் தோர்ப் ரோபோ வார்ஸ் போட்டியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஜேமி ஹைன்மன் பிளெண்டோ என்ற ரோபோவைக் கொண்டுவந்தார். கவிழ்த்த வாணலி ஒன்றைப் புல்வெட்டும் எந்திரத்தின் இன்ஜினால் சுழலவிட்டிருந்தார். அதிலிருந்து சிதறிய துண்டுகள் பார்வையாளர்களுக்கு ஆபத்து என்று போட்டியிலிருந்தே விலக்கினார்கள். சுழலும் ஆயுதத்தின் ஆபத்து அப்போதே தெரிந்துவிட்டது.

முதல் ஓட்டத்தின்போது அக்கா மகன் சுவருக்குப் பின்னால் நின்று போனில் ஒலி அலைவெண் காட்டும் செயலியைப் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பல் வட்டு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை காற்றைத் தள்ளும், ஆகவே 9,000 சுற்று என்றால் 300 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டும். "மாமா, 270-ஐத் தாண்டவில்லை" என்றான். அதாவது 8,100 சுற்று. வேகத்தில் பத்தில் ஒரு பங்குதான் குறைவு. ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தால் சுட்டது. பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தேன். 4 மி.மீ. நீளம் கூட்டி மறுபடி ஒட்டியதும் 290 வந்தது. அதோடு திருப்தி அடைந்தேன்.

மோதல் சோதனைக்கு ஒரு பழைய அலுமினியப் பாத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்தேன். முதல் வட்டு சாதாரண மென் எஃகு. நாலே மோதலில் பல் மழுங்கியது. அதைவிடக் கவலை தந்தது வேறொன்று: பல் கடிக்கவே இல்லை, பாத்திரத்தை உரசிக்கொண்டே நின்றது. காரணம் கணக்கில் இருக்கிறது. நொடிக்கு 150 சுற்று, இரண்டு பல் என்றால் 300 பல் கடந்து போகின்றன. ரோபோ நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முன்னேறினால் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையில் அது 7 மி.மீ. கூட உள்ளே போகாது. ஒரே பல் என்றால் 13 மி.மீ. வேகமாகச் சுழல்வது மட்டும் போதாது, கடிக்க இடம் கொடுக்க வேண்டும்.

அதற்குள் இரண்டாவது வட்டை வெட்டிவிட்டிருந்தேன். பேரிங் செய்யும் ஈஎன் 31 எஃகு, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கியது. கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60. எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்று நம்பினேன். மூன்றாவது மோதலில் டக் என்று ஒரு சத்தம், பிறகு பெட்டி முழுவதும் அதிர்ந்தது. ஒரு பல் உடைந்து போனதால் எடைச் சமன் குலைந்து ரோபோ தரையில் குதித்துக்கொண்டிருந்தது. ரிமோட்டை அணைத்தேன். உடைந்த துண்டு ஒட்டுப்பலகையில் பாதிக்கு மேல் புதைந்திருந்தது. இடுக்கியால் பிடுங்கி எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தத் துண்டோடு கோவையின் கணபதி பகுதியில் நான் வழக்கமாகப் போகும் லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருக்கும் அண்ணன் உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி உடைந்திருக்கிறது பாருங்கள் தம்பி. சுத்தியலுக்கு யாராவது இவ்வளவு கடினம் ஏற்றுவார்களா?" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. பந்தை உருளவிடும் பேரிங்குக்கு வேண்டியது தேயாத கடினம். அடிவாங்கும் பல்லுக்கு வேண்டியது உடையாத உரம். ஈஎன் 24 எஃகில் வயர் கட் (மின்பொறி விடும் கம்பியால் வெட்டுவது) செய்து, ராக்வெல் 45 அளவோடு நிறுத்தச் சொல்லிப் பதப்படுத்தினோம். இந்த முறை ஒரே பல், எதிர்ப்பக்கத்தில் அதற்கு ஈடாகத் தடித்த விளிம்பு. மட்டமாக வைத்த இரண்டு கத்தி விளிம்புகள் மேல் அச்சை உருளவிட்டு, எந்தப் பக்கம் கீழே போகிறதோ அந்தப் பக்கத்தைச் சிறிது சிறிதாக அரைத்தேன். எங்கே நிறுத்தினாலும் அப்படியே நிற்கும் வரை இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. இந்த இரண்டு மாலைகளும் ஐந்து மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை.

மூன்றாவது வட்டு பாத்திரத்தைக் கூரையில் மோதும்படி தூக்கி எறிந்தது. பாத்திரத்தின் விளிம்பு கிழிந்திருந்தது. பிறகு காய் பலகையிலேயே முன்னால் சாய்ந்த தகடு வைத்த ஒரு ரோபோவைப் பொம்மையாகச் செய்து, குளவியின் எடைக்கே கொண்டுவந்து வைத்தேன். ஆறு மோதல். பொம்மை மூன்று முறை புரண்டது. குளவியின் அச்சு வளையவில்லை. இடப்பக்கச் சக்கர மோட்டாரின் கம்பி மட்டும் பற்ற வைத்த இடத்தில் அறுந்தது. கம்பியை விறைப்பாக விட்டது தவறு. இப்போது ஒரு வளைவு தளர விட்டுக் கட்டியிருக்கிறேன்.

ஓட்டுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். சுழலும் வட்டு தன் திசையை விட்டுக்கொடுக்காது. முழு வேகத்தில் வட்டு இருக்கும்போது குளவியை நொடிக்கு அரைச் சுற்றுக்கு மேல் திருப்பினால் ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. கணக்கும் அதையே சொன்னது. சக்கரங்களை இன்னும் அகலமாகத் தள்ளி வைக்க எடை இல்லை. ஆகவே விரலைப் பழக்குகிறேன். வட்டில்லாமல் திரும்புவது, பாதி வேகத்தில் திரும்புவது, முழு வேகத்தில் மெதுவாகத் திரும்புவது என்று தினமும் ஒரு பேட்டரி.

நேற்று எடை போட்டேன், 1,352 கிராம். மீதமிருக்கும் 8 கிராமில் பின்சுவரை ஒரு பட்டை தடிப்பாக்க வேண்டும். பொம்மை அங்கேதான் இரண்டு முறை வந்து விழுந்தது.