விலங்கும் வழிக்காவலும்

மாவட்ட ஆயுதப்படையில் சேரும் காவலர் சீக்கிரமே பழகிக்கொள்ளும் வேலைகளில் ஒன்று வழிக்காவல். சிறையில் இருக்கும் கைதியை வாய்தா அன்று நீதிமன்றத்துக்கு அழைத்துப்போய், வேலை முடிந்ததும் திரும்பச் சிறை வாசலில் ஒப்படைக்க வேண்டும். கையில் வாரண்ட், எங்கள் பெயர் எழுதிய 'பாஸ்போர்ட்' என்கிற பணிச்சீட்டு, துப்பாக்கி, கைவிலங்கு. வேன் கிடைத்தால் வேன், இல்லையென்றால் அரசுப் பேருந்து. பாளையங்கோட்டைச் சிறையில் இருப்பவருக்குக் கோயம்புத்தூரில் வழக்கு இருக்கும். விடிய விடிய பக்கத்தில் உட்கார்ந்து கண் மூடாமல் போக வேண்டும். அந்த வேலையைப் பல வருடம் பார்த்தவன் நான். கைதியின் கையில் விலங்கு ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் கைதி அல்ல, கூட வரும் காவலரின் பயம்.

அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கைதி தப்பினால் சாயங்காலத்துக்குள் சஸ்பென்ஷன் ஆர்டர் வந்துவிடும். அஜாக்கிரதையால் தப்பவிட்ட அரசு ஊழியருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 223ஆம் பிரிவு சொன்னது. வீட்டில் பிள்ளை குட்டி இருக்கிற ஒருவர், கூட்டமான பேருந்து நிலையத்தில் இரண்டு கைதிகளோடு நிற்கும்போது அரசியல் சட்டத்தை நினைப்பாரா, தன் வேலையை நினைப்பாரா?

ஆனால் சட்டம் தெளிவாகவே இருந்தது. திகார் சிறையிலிருந்து ஒரு கைதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிய தந்தியில் தொடங்கியது பிரேம் சங்கர் சுக்லா வழக்கு. 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அதில் எழுதிய தீர்ப்பு, விலங்கை வழக்கமாக்கக் கூடாது, வேறு வழியே இல்லாதபோது மட்டும் போட வேண்டும், அதற்கும் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்றது. 1995இல் அசாம் வழக்கில் இன்னும் கண்டிப்பாக, மாஜிஸ்ட்ரேட் அனுமதி இல்லாமல் கூடாது என்றார்கள். மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சேர்த்தவர்களைக் கட்டிலோடு விலங்கிட்டு வைத்திருந்ததைப் பற்றிய வழக்கு அது. நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிகளிலும் அப்படிச் சங்கிலி போட்ட கட்டில்களைப் பார்த்திருக்கிறேன். எழுந்து நிற்கவே முடியாத ஆளுக்கு எதற்குச் சங்கிலி? இரவு பாராவுக்கு ஒரே ஒரு காவலர். அவரும் கொஞ்ச நேரம் தூங்க வேண்டும், அதற்குத்தான்.

விலங்கு உடம்பை என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. பூட்டிய பிறகும் உள்ளே இறங்கிக்கொண்டே போகும் வகை விலங்கு உண்டு. அதை இறங்காமல் நிறுத்த இரண்டாவது பூட்டு இருக்கும். அதைப் போடாமல் விட்டால் ஒவ்வொரு குலுங்கலுக்கும் மணிக்கட்டு நெரியும். கட்டைவிரல் பக்கம் போகும் நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுவதால் அழுத்தம் நேராக அதில் விழும். சிலருக்கு அந்த இடம் வாரக்கணக்கில் மரத்துக் கிடக்கும். கையைப் பின்னால் கட்டி வேனில் ஏற்றுவது அதைவிட ஆபத்து. டிரைவர் சடன் பிரேக் போட்டால் காவலர் கம்பியைப் பிடித்துக்கொள்வார், கட்டப்பட்டவர் முகத்தில் விழுவார். 2015இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஃபிரெடி கிரே என்ற இளைஞர் கையும் காலும் பூட்டி, சீட் பெல்ட் போடாமல், போலீஸ் வேனில் கொண்டுபோகப்பட்டார். கழுத்துத் தண்டுவடம் சேதமாகி ஒரு வாரத்தில் இறந்தார். நான் போய்வந்த வேன்களில் கைதி உட்காரும் பெஞ்சில் பெல்ட் பார்த்த ஞாபகம் இல்லை. விலங்கின் ஒரு வளையத்தைக் காவலரே தன் கையில் மாட்டிக்கொள்வதும் உண்டு. படிக்கட்டில் ஒருவர் தடுக்கினால் இரண்டு பேரும் சேர்ந்துதான் விழ வேண்டும்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த ஏட்டையா ஒருவர் இருந்தார். சிறை வாசலில் கைதியை வாங்கியதும் முதலில் ஓரமாக உட்கார வைத்துப் பேசுவார். "சாப்பிட்டியாய்யா? கோர்ட்டுக்கு வீட்ல இருந்து யார் வர்றாங்க?" என்று கேட்பார். எந்த ஊரில் பஸ் நிற்கும், எங்கே பாத்ரூம் போகலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவார். எங்களிடம் அப்புறம் சொல்வார்: "தம்பி, ஓடணும்னு நினைக்கிறவன் பாத்ரூம்லயும் டீக்கடையிலயும்தான் ஓடுவான். வீட்டு ஆளுங்களைப் பார்க்கிற அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் மோசம். அங்க ரெண்டு பேரு நில்லுங்க, மத்த நேரம் அவனை மனுஷனா உட்கார விடுங்க." அவரோடு போன பயணங்களில் விலங்கு பெரும்பாலும் பையிலேயே இருந்தது. அவர் கேட்ட அளவு ஆட்களை அதிகாரிகள் அவருக்குத் தந்ததால்தான் அது முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வழிக்காவலர் கையெழுத்துப் போடும் முன் கைதியின் உடம்பைப் பார்க்க வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். 'கழிவறையில் வழுக்கி விழுந்தார்' என்று மாவுக்கட்டோடு ரிமாண்டுக்கு வரும் ஆட்களின் படம் செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது, அதைப் பார்த்துக் கைதட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கைதானவர் கேட்டால் உடம்பில் உள்ள சின்னக் காயத்தையும் அப்போதே பதிவு செய்து இருவரும் கையெழுத்திட வேண்டும் என்றது. 2020 ஜூனில் சாத்தான்குளத்திலிருந்து தந்தையையும் மகனையும் கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவச் சான்று, ரிமாண்ட் உத்தரவு எல்லாமே தாளில் சரியாக இருந்தன. அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். அந்த வழியில் எத்தனை கைகள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்திருக்கும்! ஆளைப் பார்த்து, "இவரை ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்கள்" என்று ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லும் காவலர் மேலதிகாரியின் கோபத்துக்கு ஆளாவார், தெரியும். ஆனாலும் அது வழிக்காவலின் வேலைக்குள் வருகிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, யாருக்கு விலங்கு போடலாம் என்று ஒரு பட்டியல் தருகிறது. திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர், காவலில் இருந்து தப்பியவர், கொலை, பாலியல் வன்முறை, அமிலத் தாக்குதல், போதைப்பொருள் என்று அது நீள்கிறது. தப்பியவர் என்பது சரி, அது ஆளைப் பற்றியது. மற்றவை பெரும்பாலும் வழக்கைப் பற்றியவை. ஆத்திரத்தில் வெட்டிவிட்டு தானே வந்து சரணடைந்தவர் எட்டு மணி நேரம் அசையாமல் வருவார். சைக்கிள் திருடிய பையன் முதல் சிக்னலிலேயே குதிக்கப் பார்ப்பான். வழக்கின் பிரிவை வைத்துப் பூட்டுவது கூட வருகிறவருக்குச் சுலபம், ஆனால் அதனால் தப்பி ஓடுவது குறையும் என்று நான் நம்பவில்லை. கட்டுப்படுத்துவது தப்பாமல் இருக்கத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்று பழைய நடைமுறைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு சொன்னது. புதியதிலும் அது 46ஆகத் தொடர்கிறது. ஸ்டேஷனில் பட்டியலைப் படிக்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

காவல் நீட்டிப்பைக் காணொலியில் முடிக்கலாம் என்று 2008ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழிவிட்டதால் எத்தனையோ பஸ் பயணங்கள் மிச்சமாகியிருக்கின்றன. மிச்சமான ஆட்களை பந்தோபஸ்துக்கு இழுக்காமல், மீதி இருக்கும் வழிக்காவலுக்கே கூடுதலாகத் தரலாம். ஒரு கைதிக்கு மூன்று பேர், பெல்ட் உள்ள வேன், பெண் கைதி என்றால் கூட ஒரு பெண் காவலர். இவ்வளவு கொடுத்துவிட்டு, அதற்கு மேலும் விலங்கு வேண்டும் என்கிற காவலரை மாஜிஸ்ட்ரேட்டிடம் காரணம் எழுதித் தரச் சொல்லுங்கள்.