மூன்றாவது பனிக்காலம், கலெக்டர் உடையவில்லை

நேற்று காலை ஆறேகாலுக்கு எழுந்து பார்த்தால், பள்ளத்தில் கேரட் தோட்டம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல உறைபனி. பைக் சீட்டில் விரலால் பெயர் எழுதலாம். வாசல் சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் மட்டும் வெட்கமே இல்லாமல் 3 டிகிரி காட்டியது. டார்ச்சோடு ஏணியில் நாலு படி ஏறி, நானே மாட்டிய சோலார் வாட்டர் ஹீட்டரின் இரண்டு பேனலையும் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்கு உள்ளே ஒரு நீர்க்கோடு கூட இல்லை. ஏழரைக்குத் தண்ணீர் விட்டேன். எங்கேயும் கசியவில்லை. மூன்று பனிக்காலத்தில் இதுதான் முதல் தடவை. அதனால்தான் இந்தப் பதிவு.

வீடு ஊட்டிக்கு வெளியே, பாலாடா பக்கம். பேனல் இரண்டும் குன்னூரில் இடித்துக்கொண்டிருந்த ஒரு லாட்ஜிலிருந்து எடை போட்டு வாங்கியவை. இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர், செம்புக் குழாய், ஆளுக்கு ஒன்பது ரைசர் (கீழிருந்து மேலே போகும் குழாய்). குளியலறையின் கான்கிரீட் தளத்து மேல் வைத்திருக்கிறேன். 200 லிட்டர் டேங்க். தெர்மோசைஃபன் (பம்பு இல்லாமல், சூடான தண்ணீர் தானே மேலேறிச் சுற்றுவது) எப்படி ஓடுகிறது, டேங்கின் அடிப்பாகம் பேனலின் தலைக்கு மேல் ஓர் அடியாவது ஏன் இருக்க வேண்டும் என்பதெல்லாம் இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். நேராக உடைசலுக்கு வருகிறேன். (எங்கள் வீட்டில் பேனலுக்குப் பெயர் கலெக்டர். முதல் வருஷம் பஸ்ஸில் போனில் "கலெக்டர் உடைஞ்சுட்டாரு மச்சான்" என்று நான் சொன்னதைக் கேட்டு முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார்.)

அந்த வருஷம் நான் இரவில் பேனலிலிருந்து தண்ணீரை வடிக்கவில்லை. தெர்மாமீட்டர் சைபருக்குக் கீழே போகவே இல்லையே, அப்புறம் எப்படி உறையும் என்பது என் கட்சி. ஜனவரியில் ஒரு நாள் காலை பேனலுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால், கீழ் ஹெடரிலிருந்து (ரைசர்கள் வந்து சேரும் குறுக்குக் குழாய்) ஒரு சாண் உயரத்தில் ஒரு ரைசர் உப்பி, நடுவில் மீன் வாய் மாதிரி இரண்டு செ.மீ. பிளந்திருந்தது. உறையும்போது தண்ணீரின் பருமன் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும். மேலும் கீழும் அடைபட்ட இடத்தில் செம்புதான் விட்டுக்கொடுக்க வேண்டும். காற்று 3 டிகிரியில் இருந்தாலும், மேகமில்லாத இரவில் கண்ணாடியும் கறுப்புத் தகடும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. கேரட் இலையில் பனி பிடிக்கிற அதே சங்கதி. சாயங்காலம் வானம் பளிச்சென்று இருந்து, இலை அசையாமல் நின்றால், ராத்திரி பனி விழும் என்று பக்கத்துத் தோட்டத்துத் தாத்தா சொல்லிவிடுவார். நான் நாற்பது ரூபாய்த் தெர்மாமீட்டரை நம்பினேன்.

பிளவை அடைக்க பிரேஸிங்தான் (செம்புக் கலவை ராடை உருக்கிப் பற்றவைப்பது). ஈயப் பற்று வேண்டாம். தண்ணீர் இல்லாமல் வெயிலில் கிடக்கும் பேனலின் தகடு 150 டிகிரியைத் தாண்டும். சாதாரண ஈயப் பற்று 183-லேயே உருகிவிடும், நடுவில் இடைவெளி போதாது. பாஸ்-காப்பர் (பாஸ்பரஸ் கலந்த செம்பு) ராடு வைத்துப் பற்றவைத்தேன். இரண்டு விஷயம் மட்டும். குழாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் சூடு ஏறாது, ராடு உருண்டை உருண்டையாகத் திரண்டு கீழே விழும். நான் அரை நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் குழாயை ஊதி உலர்த்தினேன். இரண்டாவது, தகட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் தீ வைக்க வேண்டும். சில பெட்டிகளில் அடியில் இருப்பது பஃப் (பாலியூரிதேன் ஃபோம்). அது எரிந்தால் வருகிற புகை விஷம்.

இரண்டாவது வருஷம் ஞானம் வந்து, வடிக்கும் ஏற்பாடு செய்தேன். டேங்கிலிருந்து பேனலுக்கு வரும் குளிர்ந்த குழாயில் ஒரு பால் வால்வு, பேனலிலிருந்து டேங்குக்குப் போகும் சூட்டுக் குழாயில் ஒன்று. இரண்டுமே ஃபுல் போர். துளை சுருங்கினால் தெர்மோசைஃபன் சோம்பிவிடும். மிகத் தாழ்ந்த இடத்தில் அரை இஞ்ச் வடிகால். மேல் ஹெடரின் வாயில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, சின்டெக்ஸின் நீர்மட்டத்துக்கும் மேலே போகிற அரை இஞ்ச் வென்ட் குழாய். சாயங்காலம் இரண்டு வால்வையும் மூடி வடிகாலைத் திறந்தால், வென்ட் வழியாகக் காற்று இறங்கி, பேனல் காலியாகிவிடும். மேல் வால்வுக்காகத் தினமும் ஏற வேண்டாம் என்று அதன் கைப்பிடியின் இரண்டு பக்கமும் நைலான் கயிறு கட்டித் தரைவரை விட்டிருக்கிறேன். சிவப்பை இழுத்தால் மூடும், நீலத்தை இழுத்தால் திறக்கும். இந்தக் கயிற்றைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆனாலும் அந்த வருஷமும் உடைந்தது. வடிகாலைத் திறந்தேன், தண்ணீர் கொட்டியது, நின்றது, படுத்துவிட்டேன். காலையில் வலப்பக்கப் பேனலில் மூன்று ரைசர் போயிருந்தது. இரண்டு நாள் தலையைச் சொறிந்த பிறகு வென்ட் குழாயைக் கழற்றி ஊதினால் ஊத முடியவில்லை. வாய்க்குள் குளவி மண்ணால் கூடு கட்டி, உள்ளே குஞ்சுகளுக்குப் புழு வேறு சேர்த்து வைத்திருந்தது. இளநீர் ஸ்ட்ராவின் மேல் வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் தண்ணீர் கீழே விழாமல் நிற்குமே, அதேதான். பாதி வடிந்து, மீதி உள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது.

உடைந்தது கூடப் பரவாயில்லை. அடைபட்ட வென்டோடு, பேனலில் தண்ணீர் இருக்க, இரண்டு வால்வையும் மூடியபடி ஒரு பகல் மறந்திருந்தால்? வெயில் ஏறியதும் போக வழியில்லாத நீராவி. அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. பேனலுக்கும் வென்டுக்கும் நடுவில் எந்த வால்வும் வரவே கூடாது. இதில் மட்டும் சமரசம் வேண்டாம். இப்போது வென்டின் வாயைக் கீழ்நோக்கி வளைத்து, கொசுவலைக் கம்பி கட்டியிருக்கிறேன். மாதம் ஒருமுறை ஊதிப் பார்க்கிறேன்.

இனி நான் இந்த வருஷம் முழுக்கக் கட்டிப்பிடித்து அழுத விஷயம்: சரிவு.

குளவிக்குப் பிறகு எனக்குச் சந்தேகப் புத்தி வந்துவிட்டது. வடிந்ததா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்காமல் அளந்து பார்க்க முடிவு செய்தேன். வால்வை மூடி, காலிப் பேனலில் லிட்டர் குவளையால் வென்ட் வழியாக ஊற்றினேன். மேல் டீயில் தண்ணீர் தெரியும்வரை 5.4 லிட்டர் போனது. அப்புறம் வடித்து வாளியில் பிடித்தேன். 5.1 தான். மறுபடியும் ஊற்றினேன், இப்போது 5.1 தான் பிடித்தது. ஆக 300 மில்லி உள்ளேயே உட்கார்ந்துகொண்டு வர மறுத்தது.

முதல் நாள் நான் ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துத்தான் நிறுத்தினேன். குமிழி அச்சு அசலாக நடுவில். மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதுதான் தப்பே. ஹெடர் துல்லியமான மட்டத்தில் இருந்தால் அதற்குள் இருக்கும் தண்ணீருக்கு எங்கே போவது என்று தெரியாது. போதாததற்கு, வலப்பக்கக் காலுக்கு அடியில் நான் வைத்திருந்த நாட்டுச் செங்கல் இரண்டு மழைக்காலத்தில் ஊறி உதிர்ந்து, அந்தப் பக்கம் ஒன்றரை செ.மீ. இறங்கியிருந்தது. வடிகால் இடது மூலையில், தண்ணீர் வலது மூலையில்.

இதற்கு ஒரே சாய்வு போதும் என்பதுதான் இதில் அழகு. குளிர்ந்த நீர் கீழே இடது மூலையில் நுழைகிறது, சூடான நீர் மேலே வலது மூலையில் வெளியேறுகிறது. இரண்டு பேனலையும் சேர்த்து வலப்பக்கத்தை 4 செ.மீ. தூக்கினால், கீழ் ஹெடர் வடிகாலைப் பார்த்துச் சரிகிறது, மேல் ஹெடர் வென்டைப் பார்த்து ஏறுகிறது. தண்ணீருக்கும் வழி, காற்றுக்கும் வழி. இரண்டு மீட்டருக்கு 4 செ.மீ. என்றால் ஐம்பதுக்கு ஒன்று. ரசமட்டத்தை இதற்கு நம்பாதீர்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல்தான் சரி: கண்ணாடி மாதிரித் தெரியும் பத்தடி பிளாஸ்டிக் டியூப், கொஞ்சம் தண்ணீர், இரண்டு முனையையும் ஹெடர் முனைகளுக்கு நேராகப் பிடித்து ஸ்கேலால் அளப்பது. டியூபில் காற்றுக்குமிழி நின்றால் அளவு பொய் சொல்லும். தட்டி வெளியேற்றிவிட்டு அளக்க வேண்டும்.

தூக்கியும் 60 மில்லி வரவில்லை. இரண்டு பேனலும் சேரும் பித்தளை ஃப்ளாஞ்சைப் பிரித்தேன். நடுவில் இருந்த ரப்பர் கேஸ்கெட்டின் துளை குழாயின் துளையைவிடச் சின்னது. அடியில் அரை செ.மீ. உதடு, குட்டித் தடுப்பணை மாதிரி. பிளேடால் வட்டமாகச் சீவி, குழாயின் உள்விளிம்போடு ஒட்டி வரும்படி வெட்டிப் போட்டேன். அடுத்த தடவை 5.4 ஊற்றியதற்கு 5.38 வந்தது. மீதி 20 மில்லி குழாய்ச் சுவரில் ஒட்டிய ஈரம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போதும் தினமும் வாளியில்தான் பிடிக்கிறேன். வாளியில் ஒரு கோடு போட்டிருக்கிறது. கோட்டைத் தொடவில்லை என்றால் படுக்கப் போவதில்லை.

காலுக்கு அடியில் இப்போது செங்கல் இல்லை. கான்கிரீட் பீடம் வார்த்து, ஆங்கர் போல்ட் இறக்கியாயிற்று. ஜூலைக் காற்றுக்கு நாலு சதுர மீட்டர் கண்ணாடி பாய்மரம் மாதிரிதான்.

இதைச் செய்ய பேனலை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் நாற்பது கிலோ பக்கம். இரண்டு கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கம்பை ஏணிபோலச் சாய்த்து, அதன்மேல் கயிற்றால் இழுத்தோம். கண்ணாடியின் மேல் தார்ப்பாய் கட்டி ஏற்றாதீர்கள், காற்று பிடித்து ஆளோடு இழுக்கும். அட்டைப்பெட்டியைப் பிரித்து டேப் போட்டு ஒட்டிவிட்டால் போதும். தூக்கும்போதும் பாதுகாப்பு, குழாய் மாட்டி முடிக்கும்வரை வெயிலும் உள்ளே போகாது. குழாய் வேலைக்குப் பக்கத்துத் தகரக் கூரையில் கொஞ்சம் நடக்க வேண்டும். போல்ட் வரிசைக்கு மேல் பலகை போட்டுத்தான் கால் வைப்பேன். போல்ட் இருக்கும் இடத்தில்தான் அடியில் சட்டம் இருக்கிறது. இடுப்பு பெல்ட் அல்ல, தோளும் தொடையும் சேர்ந்த முழு ஹார்னஸ். கயிற்றை உத்தரத்தில் கட்டி, கூரை ஓரத்துக்கே எட்டாத நீளத்தில் விட்டுக்கொள்கிறேன். தெருவில் போகிறவர்கள் "என்ன, டால்ஃபின்ஸ் நோஸ்ல இறங்கப் போறியா?" என்று கேட்டார்கள் (குன்னூர் பக்கத்துப் பாறை முனை). கேட்கட்டும்.

திசைக்குக் காம்பஸ் வைத்தால் தகரத்தின் பக்கத்தில் அது தறிகெட்டு ஆடுகிறது. கம்பு நட்டு நிழல் பார்த்தேன். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் 76.7-இல் இருக்கிறோம். அதில் 23 நிமிஷம், பிப்ரவரியில் சூரியன் பிந்துவது 14 நிமிஷம், ஆகப் பிப்ரவரி நடுவில் இங்கே உச்சிப்பொழுது 12.37. அந்த நிழல்தான் சரியான வடக்கு தெற்கு. நான் தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே திருப்பியிருக்கிறேன். இங்கே மதியத்துக்கு மேல் மிஸ்ட் ஏறிவிடும், காலை வெயில்தான் நம்முடையது. சாய்வு 25 டிகிரி. அட்சரேகை பதினொன்றரைக்குப் பக்கம், பனிக்காலச் சூரியனுக்காகக் கூட்டியது.

காலையில் நிரப்புவதற்கு நேரம் உண்டு. கண்ணாடி மேல் இருக்கும் பனி கரைய ஆரம்பித்த பிறகு, வெயில் தகட்டில் விழுவதற்கு முன்பு. எனக்கு அது ஏழரையிலிருந்து எட்டேகால் வரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிட்டுப் பதினொரு மணிக்கு வால்வைத் திறந்தேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. அடுத்த நொடி வென்டிலிருந்து இட்லிக் குண்டான் மூடியைத் திறந்த மாதிரி நீராவியும் வெந்நீரும். அப்போது வென்டின் வாய் வேறு நான் நிற்கும் பக்கம் பார்த்திருந்தது. நம் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்தான், ஆனால் முழங்கைத் தோலுக்கு 93-ம் 100-ம் ஒன்றுதான். கண்ணாடி உடையாதது அதிர்ஷ்டம். இப்போது நேரம் தவறினால் அன்று சாயங்காலம்வரை தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, விறகு பாய்லரில் குளியல்.

கோவைக்குப் போகிறவர்களுக்கு: டவுன்ஹால் பக்கம் செம்புக் குழாய் எடைக்குக் கிடைக்கிறது, சுவர்த் தடிமனைக் காலிப்பரால் அளந்து வாங்குங்கள். டஃபன்ட் கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது, அதனால் சட்டத்தின் உள்ளளவை இரண்டு தடவை எடுத்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். நான் ஒரு தடவைதான் எடுத்தேன். அந்த 4 மி.மீ. கண்ணாடி இப்போது நாற்று மூடி வைக்கப் பயன்படுகிறது.

அடுத்த வருஷம் வடிக்கிற வேலையே வேண்டாம் என்று யோசனை. டேங்குக்குள் ஒரு செம்புச் சுருள், பேனலில் தண்ணீருக்குப் பதில் ப்ரொபிலின் கிளைக்கால் கலவை. கார் ரேடியேட்டர் கூலன்ட் ஊற்றலாமே என்கிறான் மச்சான். அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலின் கிளைக்கால், அது விஷம். சுருளில் ஓர் ஊசித்துளை விழுந்தால் குளிக்கிற தண்ணீரில் கலந்துவிடும். சுருள் எத்தனை மீட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் சூட்டுக் குழாய்க்கு இன்சுலேஷனே இன்னும் முழுதாகச் சுற்றவில்லை. போன மாதம் சுற்றிய நைட்ரைல் ஃபோமைக் குரங்குகள் உரித்துக் கூரை முழுக்கத் தூவிவிட்டன. ஜி.ஐ. தகடு வளைத்து மூட வேண்டும், தகடு மேட்டுப்பாளையத்திலிருந்து வர வேண்டும். "விறகு பாய்லர்ல புகையாவது வரும். இதுல அதுவும் காணோம்" என்றார் அம்மா. இன்று மதியம் இரண்டு மணிக்கு டேங்கில் 58 டிகிரி இருந்தது. குளிக்கிறாரா என்று கேட்டேன். தலைக்கு ஊற்ற இன்னும் கொஞ்சம் சூடு வேண்டுமாம்.