கடைசியாக வரச் சொன்னார்கள்

எச்.ஐ.வி.யுடன் வாழும் அக்கா ஒருவருக்குத் துணையாக, யாழ் நகரில் உள்ள ஒரு தனியார் பல் சிகிச்சை நிலையத்துக்கு அண்மையில் சென்றிருந்தேன். கடைவாய்ச் சூத்தைப் பல் மூன்று இரவுகளாக அவரை உறங்கவிடவில்லை. படிவத்தில் வேறு நோய்களைக் கேட்ட இடத்தில் அவர் எதையும் மறைக்காமல் எழுதினார். சற்று நேரத்தில் பணியாளர் ஒருவர் வந்து, எல்லோரும் போன பிறகு இரவு எட்டு மணிக்கு வரும்படி, காத்திருந்த ஏனையோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

"இனி ஒரு இடத்திலையும் எழுதமாட்டன் தம்பி" என்றார் அக்கா, வீதிக்கு வந்ததும்.

அவரைக் கடைசிக்குத் தள்ளுவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. பல் வைத்தியரின் கதிரையில் அமரும் எல்லோரும் தமது இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று அறிந்தவர்கள் அல்லர். அதனால்தான் ஒவ்வொருவருக்கும் புதிய கையுறை, கழுவிப் பொதியிட்டு ஓட்டோகிளேவ் எனும் பெட்டியில் உயர் அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய கருவிகள் என்று, யாவருக்கும் ஒரே ஒழுங்கு விதிக்கப்பட்டுள்ளது. அந்த ஒழுங்கைப் பேணும் இடத்தில் அக்கா முதலாவதாக வந்தாலும் அடுத்தவருக்கு ஆபத்தில்லை. பேணாத இடத்திலோ, தனக்குத் தொற்று இருப்பதே தெரியாமல் வந்தவருக்குப் பின்னால் அமர்பவரை யார் காப்பாற்றுவது?

எச்.ஐ.வி. உள்ள இரத்தம் பட்ட ஊசி வைத்தியரின் கையில் தவறிக் குத்தினால்கூட, தொற்று ஏற்படுவது ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்று தடவைகளே. 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் எடுத்தால் அதையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

அக்கா இனி எழுதாமல் விடுவதுதான் எனக்குப் பெருங்கவலை. எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றுடன் சேரும்போது சில மயக்க மருந்துகள் உடலில் அளவுக்கு மீறித் தங்கிவிடும். நாக்கில் படரும் வெண்படலமும் முரசில் திடீரென வரும் புண்ணும் நோயெதிர்ப்புச் சக்தி குறைவதன் அடையாளமாக இருக்கக்கூடும். உண்மை தெரிந்த பல் வைத்தியரே அதன் பொருளை உடனே உணர்வார்.

இரண்டு நாள் கழித்து வேறொரு வைத்தியரிடம் போனோம். மிகவும் வற்புறுத்தியே அக்காவை எழுதவைத்தேன். அந்த வைத்தியர் கதவைச் சாத்திவிட்டு, என்ன மருந்து எடுக்கிறீர்கள், கடைசி இரத்தப் பரிசோதனை எப்போது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பிறகு விறைப்பூசி போட்டுப் பல்லைப் பிடுங்கினார். மறு வருகைக்கான அட்டையில் காலை ஒன்பது மணி, முதலாம் இலக்கம் என்று எழுதியிருந்தது.