ஒரு ‘நாங்கள்’, ஒரு ‘நாம்’

எங்கள் பத்திரிகைக்காக மொழிபெயர்த்து வந்த செய்திக் காப்பியில் ‘நாங்கள்’ என்றுதான் இருந்தது. அதை ‘நாம்’ என்று மாற்றியது நான். பேஜ் போய்விட்டது. திருத்தம் போடும் அளவுக்குப் பெரிய பிழை என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே அன்று தோன்றவில்லை.

செய்தி 2011 ஆகஸ்ட் 16-ஆம் தேதி டெட்ராய்டில் நடந்த கூட்டத்தைப் பற்றியது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர் மேக்சின் வாட்டர்ஸ், வேலையில்லாமல் தவித்துக்கொண்டிருந்த கறுப்பின மக்கள் நிறைந்த அரங்கில் பேசினார். அன்றைய அதிபர் ஒபாமாவைத் தன்னைப் போன்ற உறுப்பினர்கள் ஏன் தட்டிக் கேட்கவில்லை என்பதற்கான விளக்கம் அது. காப்பியில் இருந்த சாரம் இதுதான்: ‘நாங்கள் அதிபருக்கு நெருக்கடி கொடுப்பதில்லை. ஏனென்றால் நீங்கள் அவரை நேசிக்கிறீர்கள். நாங்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தால் நீங்கள் எங்கள் மேல் பாய்வீர்கள். பேசலாம் என்று நீங்கள் சொல்லுங்கள், எங்களை அவிழ்த்துவிடுங்கள், பேசுகிறோம்.’

நான் அனுப்பியது: ‘நாம் அதிபருக்கு நெருக்கடி கொடுப்பதில்லை. ஏனென்றால் அவரை நாம் நேசிக்கிறோம். இனியாவது பேச வேண்டும்.’

ஒற்றைப் பத்தி அகலத்தில் சின்னச் செய்தி. நாங்கள், நீங்கள், எங்கள் என்று மூன்று வரிக்குள் அடுத்தடுத்து வந்தால் வாசகர் தடுமாறுவார் என்பது ஒரு காரணம். பேசுகிறவரும் கறுப்பினப் பெண், கேட்கிறவர்களும் கறுப்பின மக்கள் என்பது இன்னொரு காரணம். மொழிபெயர்த்த பெண் வந்து கேட்டார்: “சார், இப்படிப் போட்டா யார் யாரைப் பார்த்து பயப்படறாங்கன்னே தெரியாமப் போயிடுதே?” நான் சொன்னேன்: “எல்லாரும் ஒரே ஜனங்கதானேம்மா.”

பிரதிப்பெயரைவிட இந்தப் பதில்தான் என்னை விடாமல் உறுத்துகிறது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. முன்னால் நிற்பவரைச் சேர்த்துச் சொன்னாலும் விலக்கிச் சொன்னாலும் அதில் ஒரே சொல்தான். தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் சொல்லிலேயே முடிவெடுத்தாக வேண்டும். டெட்ராய்ட் பேச்சில் அந்த முடிவு எளிதாகவே இருந்திருக்க வேண்டும். ‘நீங்கள் எங்கள் மேல் பாய்வீர்கள்’ என்ற வரியில் மூன்று தரப்பு இருக்கிறது: மக்கள், அவர்களுடைய காங்கிரஸ் உறுப்பினர்கள், அதிபர். மூவரும் கறுப்பினத்தவர். ஆனால் மூவரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை.

அந்த மாதம் நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். கறுப்பின உறுப்பினர்களுக்காக 1971-ல் தொடங்கிய குழு ஒன்று காங்கிரஸில் உண்டு. அந்தக் குழு க்ளீவ்லேண்ட், டெட்ராய்ட், அட்லாண்டா, மயாமி, லாஸ் ஏஞ்சலஸ் என்று ஐந்து நகரங்களில் வேலைவாய்ப்பு முகாம் நடத்திக்கொண்டிருந்தது. கறுப்பினத்தவரிடையே ஆகஸ்ட் மாத வேலையின்மை 16.7 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. வெள்ளையரிடையே அதில் பாதி. டெட்ராய்ட் கூட்டம் நடந்த அதே வாரம் ஒபாமா பஸ்ஸில் மினசோட்டா, அயோவா, இலினாய் மாநிலங்களின் சிற்றூர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பஸ் கறுப்பினப் பகுதி எதற்கும் போகவில்லை என்பது வாட்டர்ஸ் வெளிப்படையாகச் சொன்ன குறை.

ஆனாலும் அவரால் நேராகத் தாக்க முடியவில்லை. இந்தக் குழுவினரில் பெரும்பாலோருடைய தொகுதிகளில் ஜனநாயகக் கட்சிதான் எப்படியும் ஜெயிக்கும் என்பதால் நவம்பர் தேர்தல் ஒரு சடங்கு மாதிரி. ஆபத்தெல்லாம் கட்சிக்குள் நடக்கும் முதல்கட்டத் தேர்தலில்தான். அங்கே வாக்களிக்கிறவர்களுக்கு ஒபாமா வெறும் அதிபர் அல்ல. நீ இந்த நாட்டில்தான் பிறந்தாயா என்று எதிர்ப்பாளர்கள் அவரைக் கேட்டுக்கேட்டு, கடைசியில் 2011 ஏப்ரல் 27 அன்று முழுப் பிறப்புச் சான்றிதழை வெளியிட வைத்தார்கள். அதைத் தங்களுக்கே நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். வெளியிலிருந்து கல் விழுந்துகொண்டிருக்கும்போது உள்ளேயிருந்தும் ஒரு கல்லை எறிவதா என்ற கேள்வி அதிலிருந்துதான் வருகிறது. டெட்ராய்ட் கூட்டம் நடந்த ஆகஸ்டில் ஏழ்மைப் பிரச்சினையை முன்வைத்துப் பயணம் போய் ஒபாமாவைக் குறை சொன்ன ஒளிபரப்பாளர் டாவிஸ் ஸ்மைலியும் பேராசிரியர் கார்னல் வெஸ்டும் (இருவரும் கறுப்பினத்தவரே) கறுப்பின வானொலி நிகழ்ச்சிகளில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். குழுவின் அன்றைய தலைவர் இமானுவல் க்ளீவர் அடுத்த மாதம் இன்னும் பச்சையாகச் சொன்னார்: பில் கிளின்டன் அதிபராக இருந்து இப்படி விட்டிருந்தால், இந்நேரம் வெள்ளை மாளிகையை நோக்கி ஊர்வலம் போயிருப்போம்.

ஆக, ‘அவிழ்த்துவிடுங்கள்’ என்பது அனுமதி கேட்பது. ‘நாம்’ என்று போட்டதும் கேட்பவரும் இல்லை, கொடுப்பவரும் இல்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டு, என் பக்கத்து நியாயத்தையும் விட மனமில்லை. வாக்குக் கணக்கைப் பார்த்தால் ‘நாம்’ பொய் இல்லை. 2008-ல் வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணக்கில் கறுப்பினத்தவரில் 95 சதவீதம் பேர் ஒபாமாவுக்கு, 2012-ல் 93. இது எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு அல்ல. வந்தவர்களில் எத்தனை பேர் அவருக்குப் போட்டார்கள் என்பது. இரண்டையும் குழப்புவது எங்கள் டெஸ்க்கில் ஒவ்வொரு அமெரிக்கத் தேர்தலிலும் நடக்கும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு மக்கள்தொகைத் துறை தேர்தலுக்குப் பிறகு எடுக்கும் ஆய்வைப் பார்க்க வேண்டும்: 2012-ல் சுமார் 66 சதவீதம், அந்தக் கணக்கில் முதன்முறையாக வெள்ளையரைவிடக் கூடுதல். 2016-ல் ஒபாமா போட்டியில் இல்லை. 60-க்குக் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. அவருக்காகவே வரிசையில் நின்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் வாயில் வரக்கூடிய சொல் ‘நாம்’தான்.

ஆனால் 2011 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட்டும் ஏபிசியும் எடுத்த கணிப்பைப் பாருங்கள். ஒபாமா மேல் ‘மிகவும் நல்ல அபிப்பிராயம்’ என்று சொன்ன கறுப்பினத்தவர் ஐந்தே மாதத்தில் 83-லிருந்து 58 சதவீதத்துக்கு வந்திருந்தார்கள். ‘மிகவும்’ இல்லாமல் வெறும் ‘நல்ல அபிப்பிராயம்’ என்றவர்களையும் சேர்த்துக் கூட்டினால் அப்போதும் 80-க்கு மேல். முதல் எண்ணை மட்டும் எடுத்தால் ‘கைவிட்டார்கள்’ என்று தலைப்பு வரும். இரண்டாவதை மட்டும் எடுத்தால் ‘ஆதரவு குறையவில்லை’ என்று வரும். நிஜத்தில் அதே ஆள்தான் இரண்டையும் சொல்கிறார்: ஓட்டு உண்டு, உற்சாகம் இல்லை. இந்த மாதிரி எண்ணைக் கையாளும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1000 பேரிடம் எடுத்த கணிப்பில் கறுப்பினத்தவர் 120 பேர் இருந்தால், மொத்தத்துக்கு 3 புள்ளி இருக்கும் பிழை வரம்பு அந்தச் சிறு கூட்டத்துக்கு 9 புள்ளி வரை போகும். தனியாகக் கூடுதல் பேரை எடுத்தார்களா என்று பார்க்காமல் நாலைந்து புள்ளி ஏற்ற இறக்கத்தைத் தலைப்பாக்கக் கூடாது. 25 புள்ளி இறக்கம் அந்த வகையில் சேராது.

அந்த ஆதரவும் பிறவியிலேயே வந்துவிடவில்லை. கட்சி வேட்பாளர் யார் என்ற போட்டியில், 2007-ல் பெரும்பகுதி நேரம் கறுப்பின வாக்காளரிடையே ஹிலாரி கிளின்டன்தான் முந்தி நின்றார். சிவில் உரிமைப் போராட்டத்தில் அடிபட்ட ஜான் லூயிஸே முதலில் அவர் பக்கம் நின்று, 2008 பிப்ரவரியில்தான் ஒபாமாவிடம் வந்தார். நடுவில் நடந்தது அயோவாவின் உட்கட்சித் தேர்தல். வெள்ளையர் நிறைந்த மாநிலம் அவரைத் தேர்ந்தெடுத்த ஜனவரி 3-க்குப் பிறகுதான், இவர் ஜெயிக்கக்கூடியவர் என்ற நம்பிக்கை தெற்கே போய்ச் சேர்ந்தது. ‘எல்லாரும் ஒரே ஜனங்கதானே’ என்ற என் வாக்கியம் இந்த ஒரு வருடத்தை அப்படியே விழுங்கிவிடுகிறது.

அதற்குப் பிறகு ஒபாமாவின் பேச்சு எது வந்தாலும் பிரதிப்பெயரைத்தான் முதலில் தேடுகிறேன். டெட்ராய்டுக்கு ஐந்து வாரம் கழித்து அந்தக் குழுவின் விருந்தில், வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு ஊர்வலத்துக்கான ஷூவைப் போடுங்கள், புலம்புவதை நிறுத்துங்கள் என்றார். எல்லாம் முன்னிலை ஏவல். 2012-ல் ஒரு பேட்டியில், தான் கறுப்பின அமெரிக்காவின் அதிபர் அல்ல, அமெரிக்காவின் அதிபர் என்றார். 2013 மே மாதம், கறுப்பின ஆண்கள் படிக்கும் மோர்ஹவுஸ் கல்லூரியின் பட்டமளிப்பில் சாக்குச் சொல்லக் கூடாது என்று அறிவுரை சொன்னபோது, வெள்ளை மாணவர்களிடம் இப்படிப் பேசுவாரா என்ற கோபம் கிளம்பியது. இரண்டே மாதத்தில், சுட்டுக்கொல்லப்பட்ட கறுப்பினப் பையன் ட்ரேவன் மார்ட்டின் வழக்கில் சுட்டவர் விடுதலையானதும், 35 வருடங்களுக்கு முன்னால் அந்தப் பையன் நானாகவே இருந்திருக்கலாம் என்றார். கோபித்துக்கொண்டிருந்தவர்களில் பலரை அந்த ‘நான்’ தொட்டது. இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதாகிவிட்டதே என்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

கமலா ஹாரிஸ் செய்திகளில் எங்கள் பக்கமே இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டது. தாயின் குடும்பத்துக்குத் துளசேந்திரபுரத்தில் வேர் இருப்பதால் இங்கே அவர் உடனே ‘நம்ம பொண்ணு’. அங்கே கறுப்பின இளைஞர்களில் ஒரு சாரார், கலிஃபோர்னியாவில் அரசு வழக்கறிஞராக எத்தனை பேரை உள்ளே தள்ளினார் என்று கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்வி எங்கள் பக்கங்களில் இடம்பெறவே நாளாயிற்று.

2024 அக்டோபர் 10 அன்று பிட்ஸ்பர்கில் ஒபாமா, ஹாரிஸுக்கு வேலை செய்யும் கறுப்பினத் தொண்டர்களிடம் பேசிய காப்பி வந்தது. ‘நம் தெருக்களில், நம் சமூகத்தில்’ பழைய வேகம் இல்லை என்று தொடங்குகிறார். கறுப்பின ஆண்கள் பக்கம் திரும்பியதும், ‘நீங்கள் சாக்குகளாகத் தேடுகிறீர்கள்’ என்று மாறிவிடுகிறார். இரண்டையும் ஒன்றாக்காமல் இருந்தபடியே விட்டேன். வாசிக்கக் கரடுமுரடாகத்தான் இருந்தது. அந்த ‘நீங்கள்’தான் கறுப்பின ஆண்கள் பலரைக் காயப்படுத்தியது என்று அடுத்த நாளே தெரிந்தது.

டெட்ராய்டில் வாட்டர்ஸ் அந்த வரிகளைச் சொன்னபோது கூட்டத்திலிருந்து ‘விடுங்கள்’ என்று குரல் எழுந்தது. அவர் கேட்ட அனுமதி அங்கேயே கிடைத்துவிட்டது. அந்த நிமிடத்துக்குப் பிறகு அவர் தமிழில் பேசியிருந்தால் ‘நாம்’ என்றே தொடர்ந்திருப்பாரோ என்று சில நாள் நினைக்கிறேன். ஆனால் நான் மாற்றிய வரி அந்தக் குரலுக்கு முன்னால் வருகிறது.